சாட்சிக்கு வளர்த்த தாடி

என் கணவர் வீட்டில் சவரம் செய்துகொள்ளாதவர். கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி கொடுத்த விஷயம் அதுதான். பிறகு என் கழுத்தைப் பிடித்ததும் அதேதான்.

எங்கள் வரிசையில் மற்ற ஆண்கள் எல்லாம் காலையில் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிவைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு வழிப்பார்கள். இவர் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொந்த ஊரான வெள்ளானூருக்குப் போய்விடுவார். அவர் அப்பா காலத்திலிருந்து போகும் சலூன் அங்கே இருந்தது. பெஞ்சில் நாலு பேரோடு உட்கார்ந்து, பேப்பர் படித்து, ஊர்க்கதை பேசி, மழமழவென்று திரும்பி வந்து, தன் அம்மா கொடுத்த கீரையைச் சமையலறையில் வைப்பார். ஆகவே எங்கள் வீட்டில் ரேசருக்கு வேலையே கிடையாது. ஆனால் ஒன்று இருந்தது. மேல்மூடியை நெம்பி எடுத்த காலிப் பவுடர் டப்பாவுக்குள், துணி சுற்றி, என் புடவைகளுக்கு அடியில். அது என்னுடையது.

எனக்குத் தாடையில் முடி முளைத்தது பதினேழு வயதில். அப்போது எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீடு கள்ளிக்குப்பம். அப்பாவும் அம்மாவும் கழனி வேலை செய்த நிலங்களில் கம்பெனிகள் வந்துவிட்டதால் அப்பா ஒரு கம்பெனியில் லோடு ஏற்றினார், நான் இன்னொன்றில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டினேன். அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். சவர பிளேடைப் பாதியாக உடைத்து, ஒரு பக்கம் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிசிறைச் சீவி எடுக்க வேண்டும். காலை முதல் மாலை வரை அதுதான் வேலை. பிளேடு என்பது ஆண்கள் முகத்துக்கானது என்றே எனக்குத் தோன்றியதில்லை. என் கைக்குத்தான் அதோடு பழக்கம்.

முதலில் இரண்டு முடிதான். பிடுங்கினேன். பிறகு பத்து. பிறகு தாடைக்கு அடியில் ஒரு கைப்பிடி அகலத்துக்குக் கருப்பாக, தடிப்பாக. அம்மா கஸ்தூரி மஞ்சள் அரைத்துப் பூசினாள். குப்பைமேனி இலை வைத்துத் தேய்த்தாள். தோல்தான் எரிந்தது. கோலம் போடக் குனிந்தால் யார் பார்க்கிறார்கள், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முகத்தைத் தூக்கினால் யார் பார்க்கிறார்கள், கடைக்காரர் ஏன் ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார் என்று நாள் முழுக்க இதே யோசனை. சாப்பிடும்போதுகூட இடது கையால் தாடையை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் கம்பெனிக் கழிவறையில், வாஷர் வெட்டுகிற அரை பிளேடாலேயே வழித்துப் பார்த்தேன். தண்ணீர் தொட்டுக்கொள்ளவும் இல்லை. இரத்தம் தாவணியில் சொட்டியது. எனக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்யும் அக்கா ஒருத்தி இருந்தாள். கல்யாணமானவள், வாய்த்துடுக்கு அதிகம். என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, வாஷருன்னு நெனச்சிகினியா உன் மூஞ்சிய?"

நான் அழுதேன்.

"அழுவாத. அத்த வெறுங்கையில புடிச்சி வழிப்பாங்களா? சேவிங் செட்டு ஒண்ணு வாங்கு. எனுக்கு மீசை இல்லன்னு நெனச்சிகினு கீறியா நீ? எங்க ஊட்டுக்காரரு செட்லதான் வழிச்சிகினு கீறேன். அந்தாளு பிளேடு மொக்கையா கீதுன்னு கடைக்காரனைத் திட்டிகினு கீறாரு. இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அவள் சிரித்தாள். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தேன். இன்னொரு பெண்ணுக்கும் இப்படி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் கேட்டு வாங்க வேண்டுமே. மூன்று கடைகள் முன்னால் போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், என்னைத் தெரியாத ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் நுழைந்தேன். கடைக்காரர் பெரியவர்.

"யாருக்கும்மா?"

"அண்ணனுக்கு." எனக்கு அண்ணன் கிடையாது.

"அண்ணனுக்கு முடி எப்பிடி, முரடா? தெனம் வழிக்கிறாரா?"

இதையெல்லாம் கேட்பார் என்று நான் யோசித்து வரவில்லை. "இப்பத்தான் புதுசா வழிக்கிறாரு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று பிளாஸ்டிக் பிடி, இறகு மாதிரி இருந்தது. இன்னொன்று அடியைத் திருகினால் தலை இரண்டாகத் திறந்து பிளேடைக் காட்டும். மூன்றாவது பிடி, தட்டு, மூடி என்று தனித்தனியாகக் கழலும், கனமான பித்தளை மேல் பளபளப்பு. "லேசா இருந்தா அழுத்தத் தோணும், அழுத்தினா வெட்டும். இது கனம், இதோட எடையே போதும், சும்மா எடுத்து வெச்சி எறக்கினா ஆச்சு. பல்லு வெச்ச மாதிரி ஒண்ணு கீது, அது தாடிக்காரங்களுக்கு. புதுசா வழிக்கிற புள்ளைக்கு இந்த நேர் விளிம்புதான் நல்லது. அண்ணங்கிட்ட சொல்லு" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். கட்டுமானம் கெட்டியாக இருந்தது. வேலை செய்து பழகிய கைக்கு அது பிடித்துப்போயிற்று. துருப்பிடிக்குமா என்று நான் மூன்று தடவை கேட்டதில் அவருக்கு அலுப்பு வந்தது.

கற்றுக்கொள்ள ஒரு மாசம் ஆனது. கள்ளிக்குப்பம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. குடிக்கப் பிடித்த லாரித் தண்ணீரில் ஒரு டம்ளர் திருடிச் சுடவைத்துக்கொள்வேன். சோப்பைக் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி படிந்திருக்கிற பக்கமாகவே சின்னச் சின்னதாக இறக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் மறுநாள் புள்ளி புள்ளியாகச் சிவக்கும். நுரை போன இடத்தில் இரண்டாவது தடவை வைக்கக் கூடாது. கடைசியில் படிகாரம். பிறகு மூன்று துண்டையும் கழற்றித் துடைத்து, பிளேடில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

அம்மாவுக்குத் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். "பொம்பள மூஞ்சில இரும்பு பட்டா ஆம்பள மாதிரி மொளைக்குண்டி" என்று ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் ஆவடி ஃபேக்டரியில் நிரந்தர வேலை பார்க்கிற மாப்பிள்ளை என்னைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்த அன்று காலை, அவளே என் காதருகில் வந்து கேட்டாள்: "அத்த பண்ணிட்டியா?"

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சொன்னா எவன் கட்டுவான்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நிச்சயமான பிறகு ஒரு முறை, தாலி ஏறுவதற்கு முந்தின நாள் ஒரு முறை, மறுபடி கேட்டேன். அம்மா எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவில் பவுடர் டப்பாவை நானேதான் செருகி எடுத்துப்போனேன்.

குவார்ட்டர்ஸில் அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பியதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு, தாழ் விழுந்ததா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் நின்று வழிப்பேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள். அவர் என் கன்னத்தைத் தொடும்போதெல்லாம் கடைசியாக எப்போது வழித்தோம் என்று மனசு எண்ணிக்கொண்டே இருக்கும். ஆசையாக ஏதாவது சொல்லியிருப்பார், எனக்குக் காதில் விழுந்திருக்காது. தேய்ந்த பிளேடுகளைக் குப்பைத் தொட்டியில் போடவும் பயம். பெருக்குகிறவர் பார்த்து, "இந்த ஊட்ல யாரு வழிக்கிறது?" என்று கேட்டுவிட்டால்? பேப்பரில் மடித்துச் சேர்த்துவைத்து, அமாவாசைக்குத் திருவேற்காடு போகும்போது பஸ் ஸ்டாண்டு குப்பையில் போட்டுவிட்டு, பிறகு கோயிலுக்குள் போவேன். அம்மனிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இது முளைக்காமல் போகட்டும்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு மழைக்காலத்தில் பிளேடு எனக்குத் தெரியாமல் துருவேறி, தாடையில் ஒரு வெட்டு சீழ் வைத்துவிட்டது. பரு என்று சொல்லிச் சமாளித்தேன். அதிலிருந்து துரு பயம் பிடித்துக்கொண்டது. ரேசரை ஈரத்தோடு டப்பாவில் அடைக்கக் கூடாது, அரை மணி நேரமாவது காற்றில் கிடக்க வேண்டும் என்று சமையலறை ஜன்னல் விளிம்பில் காயவைக்க ஆரம்பித்தேன். கவலைப்பட்டுச் செய்த காரியம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

அன்று காலை வழித்து முடித்து, ரேசரைக் காயவைத்துவிட்டுப் பால் வாங்கப் பூத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் கதவுக்கு வெளியே செருப்பு. மாமியார். வெள்ளானூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். சாவி வைக்கும் இடம் அவருக்குத் தெரியும். சமையலறையில் கீரைக்கட்டை அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தார். கையில் என் ரேசர்.

"யாருதுடி இது?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அந்தச் சமையலறைக்கு மனசால் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அன்று வாயில் வந்தது வேறு.

"உங்க புள்ளதுதான் அத்தை."

"எம் புள்ள ஊட்ல மூஞ்சில பிளேடு வெச்சதே கெடையாது. எனுக்குத் தெரியாதா?"

"இல்ல... எங்க அப்பாது. போன வாரம் வந்தாரு, மறந்து வெச்சிட்டுப் பூட்டாரு."

மாமியார் ரேசரை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். நான் கொட்ட மறந்திருந்த கிண்ணம். காய்ந்துகொண்டிருந்த நுரையில் முடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"உங்க நைனாவுக்குத் தல மூஞ்சி எல்லாம் பஞ்சு மாதிரி வெளுத்துப் பூட்ச்சி. இது கருப்பா கீது." கிண்ணத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "ஈரம் கூட காயல. எவண்டி வந்துட்டுப் போனான்?"

இப்படி ஒரு அர்த்தம் இதற்கு வரும் என்று, எதையெல்லாமோ நினைத்துப் பயந்த நான், ஒரு நாளும் நினைத்ததில்லை. முடி தெரிந்துவிடும் என்றுதான் பயந்தேன். ரேசர் தெரிந்துவிடும் என்று இப்படிப் பயப்பட எனக்குத் தெரியவில்லை.

ஷிப்டு முடிந்து அவர் வந்தபோது மாமியார் வாசற்படியிலேயே நிறுத்திச் சொன்னார். அவர் சைக்கிளைப் பூட்டவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரேசரும் கிண்ணமும் மேசைமேல் சாட்சிகள் மாதிரி இருந்தன.

"யாரு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"என்னுதுதாங்க. எனக்குத் தாடையில முடி வளருது. கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து. நான்தான் வழிச்சிக்கிறேன்."

மாமியார் சிரித்தார். "கேட்டியாடா? மொதல்ல உன்னுதுன்னா. அப்பால அவ அப்பன்துன்னா. இப்ப அவளுக்கே தாடி மொளைக்குதாம். இன்னும் கொஞ்ச நேரம் குந்து, கோயில் அம்மனுதுன்னுவா."

அவர் எழுந்து வந்து என் தாடையைத் தூக்கிப் பார்த்தார். அன்று காலைதான் வழித்திருந்தேன். கவனமாக, படிகாரம் போட்டு, எண்ணெய் தொட்டு. வழவழவென்று இருந்தது. என் வாழ்க்கையில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரே வேலை அது.

"ஒண்ணுமே இல்லியே" என்றார்.

"வளருங்க. சத்தியமா வளரும்."

"அப்ப வளரட்டும்" என்றார் மாமியார். ரேசரையும் மிச்சமிருந்த பிளேடுகளையும் முந்தானையில் முடிந்துகொண்டார். "நாலு நாளு. நான் இங்கயே கீறேன். மொளைச்சா பாப்போம். மொளைக்கலன்னா உன் பொட்டியத் தூக்கிகினு கள்ளிக்குப்பம் போ."

மறுநாள் விடிந்ததும் மாமியார் செய்த முதல் காரியம், கேட்டுக்கு அருகிலிருந்த வேப்ப மரத்தில் ஒரு கொத்தை ஒடித்து வந்து எங்கள் வாசல் நிலையில் செருகியது. மருமகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மை வீட்டுக்குள் யாரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். நான் வெளியே போக வேண்டியதில்லை, என் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. முளைத்தாலும் மானம் போகாது, முளைக்காமல் போனாலும் ரகசியமாக அனுப்பிவிடலாம். அவ்வளவு வேகமாக யோசித்திருக்கிறார். அவர் எனக்கு நல்லதைத்தான் செய்தார் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். இருக்கலாம்.

நான் பயந்தது அந்த வேப்பிலைக்குத்தான். அம்மன் பெயரைச் சொல்லிப் பொய். நிஜமாகவே அம்மை போட்டுவிட்டால்? கோபம் வந்து முடியே முளைக்காமல் செய்துவிட்டால்? இரண்டு வருஷமாக நான் கேட்டதை அம்மன் இந்த வாரம் பார்த்துக் கொடுத்துவிட்டால்? அதை நினைத்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே நின்று, கோயில் இருக்கும் திசை எது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். தாயே, முளைக்கட்டும். நான் முன்னால் கேட்டதெல்லாம் தப்பு. கருப்பாக, கெட்டியாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முளைக்கட்டும்.

முதல் நாள் ஒன்றுமில்லை. விரலால் தடவித் தடவித் தோல்தான் சிவந்தது. இரண்டாம் நாள் மாமியார் என்னை ஜன்னலடியில் உட்காரவைத்து, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி பார்த்தார். "ஒண்ணும் கீற மாதிரி தெர்ல" என்றார். எனக்குக் கீழிருந்து மேலாகத் தடவினால் சொரசொரப்பு தெரிந்தது. "அத்தை, இப்பிடித் தடவிப் பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன். அவர் தடவிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "நாலு நாள்னா நாலு நாளுதான்."

பக்கத்து வீட்டில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னோடு நல்ல மாதிரி. ஜன்னலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

"அக்கா, மேலுக்கு எப்படி இருக்கு? எளனி வாங்கியாந்திருக்கேன். படியில வச்சிட்டுப் போறேன்."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார், "தூங்குதும்மா. மூஞ்சி முழுக்க போட்டிருக்கு" என்றார்.

"ஐயோ பாவம். சொறிய விட்ராதீக. தழும்பு நிக்கும்."

அந்த இளநீரைக் குடிக்கச் சொல்லி மாமியார் என் கையில் கொடுத்தார். குடித்தேன். எனக்கு இல்லாத அம்மைக்கு யாரோ ஒருத்தி வருத்தப்பட்டாள். எனக்கு இருந்ததற்கு வருத்தப்பட அந்த வீட்டில் ஆளில்லை.

அந்த நாட்களில் என் கணவர் என்னோடு பேசவில்லை. வந்தார், சாப்பிட்டார், கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். அவருக்கு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மெஷினிலிருந்து வருகிற உருப்படிகளை அளவு வைத்துப் பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் கழிவை இன்னொரு பெட்டியிலும் போட வேண்டும். அதை அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. அவர் பார்த்து விட்ட சாமான் திரும்பி வந்ததே கிடையாதாம்.

மூன்றாம் நாள் முளைத்தது. காலையில் கண்ணாடியில் நிழல் மாதிரி தெரிந்தபோது எனக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. இந்த முடியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான். நாலாம் நாள் தாடைக்கு அடியிலும் உதட்டோரத்திலும் மறைக்க முடியாத அளவுக்கு நின்றது. நான் ஒருபோதும் அவ்வளவு விட்டதில்லை. எனக்கே என் முகம் புதிதாக இருந்தது. இருந்தாலும், போதுமா, இது போதுமா என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் ஷிப்டு முடிந்து வந்ததும் மாமியார் என்னை ஜன்னலுக்கு அழைத்து வந்தார். கணவர் ஒற்றை விரலை என் தாடைக்கு அடியில் கொடுத்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். அந்த விரல் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியும். அதில் கோபம் இல்லை. வேறு எதுவுமே இல்லை.

"சரி" என்றார். விரலை எடுத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஏதாவது வரும் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். தப்பாக நினைத்துவிட்டேன் என்றோ, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றோ, திட்டாகவாவது ஏதாவது. அவர் கைகால் கழுவப் போய்விட்டார். பேசியது மாமியார்தான். அதற்குள் அவருடைய வழக்கு மாறிவிட்டிருந்தது.

"மொத்த குடும்பமும் சேந்து எம் புள்ளைய ஏமாத்திட்டீங்களேடி. பொண்ணுன்னு சொல்லி இன்னாத்தையோ கட்டி வெச்சிட்டா உங்க அம்மா."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ரேசரை மேசைமேல் வைத்தார். "வழிச்சிக்கோ. யாராச்சும் வந்துடப் போறாங்க."

மறுநாள் மாமியார் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்துப் போட்டு, அம்மை இறங்கிவிட்டது என்று அறிவித்துவிட்டு ஊருக்குப் போனார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "நாலே நாள்ல எறங்கிருச்சா? ஒரு தழும்புகூட இல்லையேக்கா" என்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்வை தாடையில் ஒரு நொடி நின்றதா, இல்லை எனக்கு அப்படித் தோன்றியதா தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்தது. அதுவும் வேறு காரணமாக இருக்கலாம்.

அதன்பின் என் கணவர் என் முகத்தைத் தொட்டதில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், ஆகவே இதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் முகத்தைத் தொட்டதில்லை. பேசும்போது என் தலைக்கு மேல் சுவரில் எதையோ பார்த்துப் பேசுவார். கெட்ட பெயரிலிருந்து தப்பித்தேன். அதற்கு நான் சாட்சியாகக் கொண்டுவந்தது என் முகம். சாட்சியை அவர்கள் திருப்பித் தரவே இல்லை.

மாமியார் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்வார். தன் தங்கையிடம் மட்டும்தான் சொன்னாராம். அந்தத் தங்கை எத்தனை பேரிடம் மட்டும் சொன்னாரோ, சில வருஷம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வெள்ளானூர் சலூனுக்கு வந்து சேர்ந்தது. அன்று என் கணவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். வழிக்காத முகம். கையில் கீரை இல்லை.

நேராக அலமாரியைத் திறந்து, புடவைகளைத் தள்ளிவிட்டு, பவுடர் டப்பாவை எடுத்தார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. சமையலறை ஜன்னலில் என் கண்ணாடியை வைத்து, சோப்பைத் தேய்த்துக்கொண்டு, ரேசரைக் கத்தி மாதிரி பிடித்துக் கன்னத்தில் இழுத்தார். இரத்தம் வந்தது.

"இன்னாங்க ஆச்சி?" என்றேன்.

சுவரைப் பார்த்துச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பழைய சிநேகிதன் ஒருவன், எல்லாரும் கேட்கும்படி, "மாமே, உனுக்கு ஊட்லயே ஆள் கீதாமே. இங்க இன்னாத்துக்கு வந்து கியூல குந்திகினு கீற? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வழிச்சிக்க வேண்டிதான" என்றானாம். சலூன்காரர்கூடச் சிரித்தாராம்.

இரண்டாவது முறை இழுத்தார். இன்னொரு வெட்டு. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அழுத்தாதீங்க. அதோட கனமே போதும்" என்றேன். அவர் கை நின்றது.

"எப்பிடிப் புடிக்கணும்?" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். தோலை இழுத்துப் பிடிக்க, முடி படிந்த பக்கமாகவே இறக்க, நுரை போன இடத்தில் மறுபடி வைக்காமல் இருக்க. வெட்டின இடத்தில் படிகாரத்தை நானே தேய்த்தேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில், நாங்கள் முகத்துக்கு முகம் நின்றது அந்தக் கால் மணி நேரம்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். படிகார எரிச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் சலூனுக்குப் போகவில்லை. ரேசர் டப்பாவிலிருந்து வெளியே வந்து ஜன்னல் விளிம்பில், ஒரு டம்ளரில், பட்டப்பகலில் நின்றது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஃபேக்டரிக்காரர் வீட்டு ரேசர். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. நான் பயந்து நடுங்கிய காலத்தில் இப்படி ஒன்று அங்கே நின்றிருந்தால் போதுமாயிருந்தது. அவர் வேலைக்குப் போனதும் நான் எடுத்து வழித்துக்கொண்டு, துடைத்து, இருந்த மாதிரியே வைத்துவிடுவேன். பழைய கம்பெனி அக்காவை நினைத்துக்கொள்வேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில மாசம் போன பிறகு ஒரு காலை, கன்னத்தில் நுரையோடு, கண்ணாடியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"பிளேடு மொக்கையாப் பூடுது. நீ வேற ஒண்ணு வாங்கிக்க. என்னுதுல கைய வெக்காத."

என்னுது என்றார். நான் அண்ணனுக்கு என்று பொய் சொல்லி, மூன்று கடை வாசல் ஏறி இறங்கி, என் கூலிக் காசில் வாங்கியது. என்னை ஒழுக்கங்கெட்டவள் என்று சொல்லவைத்த ரேசர். சரி என்றேன்.

ஆவடி மார்க்கெட்டில் பெரிய கடையாகப் பார்த்துப் போனேன். இப்போது கண்ணாடி அலமாரி முழுக்க விதவிதமாக இருந்தன. நாலு தடவை வழித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக். ரோஸ் நிறத்தில்கூட ஒன்று தொங்கியது, அட்டையில் ஒரு பெண்ணின் கால்கள். காலுக்காம். முகத்துக்கு என்று பெண்பிள்ளை படம் போட்டு ஒன்றும் இல்லை. நான் கனமானதைக் கேட்டேன். மூன்று துண்டாகக் கழல்வது, நேர் விளிம்பு. கையில் வாங்கி, அடியைத் திருகி, தட்டு ஆடுகிறதா என்று பார்த்தேன். இரண்டாவதாக ஒன்றை எடுக்கச் சொல்லி அதையும் பார்த்தேன். இப்போது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கடைப்பையன் பொட்டலம் கட்டிக்கொண்டே, "சாருக்கா மேடம்?" என்றான்.

இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் இனி எனக்கு என்ன போய்விடும் என்று ஒரு நொடி யோசித்தேன். போவதற்கு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் கை தானாகத் தாடைக்குப் போனது.

"ஆமா" என்றேன். "அவருக்குத்தான்."